இசை சர்வர் வீட்டுக்கு வந்த வரலாறு

1982இல் சோனியும் பிலிப்ஸும் விற்பனைக்குக் கொண்டுவந்த குறுந்தகட்டில் இசை எண்களாகவே பதிந்திருந்தது: இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட். ஆனால் அந்த எண்களைக் கணினியில் சேர்த்துவைத்துக் கேட்கும் பழக்கம் வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. ஒரு தகடு 600 மெகாபைட்டுக்கு மேல் இடம் கேட்டது. 1990களின் நடுவில் வீட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்கே ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்தான். அந்த நெருக்கடியில் எம்பி3 பரவியது. காதுக்குத் தெரியாது என்று கணித்த பகுதிகளை அது வெட்டிவிடுவதால், உயர்தர ஒலிப் பிரியர்கள் அதை ஏற்கவில்லை.

அவர்களுக்கு வழி திறந்தவை இரண்டு மென்பொருள்கள். ஆந்த்ரே வீத்தோஃபின் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, தகட்டைக் கணினியில் நகலெடுக்கும்போது ஐயமான இடங்களை மீண்டும் மீண்டும் படித்து ஒப்பிட்டது. ஜாஷ் கோல்சன் 2001இல் வெளியிட்ட ஃபிளாக், ஒரு பிட்கூட இழக்காமல் கோப்பைப் பாதியளவுக்குச் சுருக்கியது.

அடுத்த தொல்லை விசிறியின் இரைச்சல். கணினியை வேறு அறைக்குத் தள்ளிவிட்டு, கேட்கும் அறையில் சிறு பெட்டி ஒன்றை மட்டும் வைக்கும் ஏற்பாட்டைக் கலிஃபோர்னியாவின் ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் 2001இல் தந்தது. 2003இல் வந்த அதன் ஸ்குவீஸ்பாக்ஸ், சுருக்காத ஒலியையும் கம்பியின்றி வாங்கிக்கொண்டது. கணினியிலிருந்து பெட்டிக்கு இசையை அனுப்பிய சர்வர் மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. பழைய கணினியில் லினக்ஸை நிறுவிச் சொந்தமாகச் சர்வர் அமைப்பது இதனால் எளிதாயிற்று.

ஒலித் தரத்தில் உண்மையான மாற்றம் நேரக்கணக்கில் நடந்தது. எண்களை ஒலியலையாக மாற்றும் கருவியான டி.ஏ.சி.க்கு மாதிரிகள் சரியான கணத்தில் கிடைத்தாக வேண்டும். தொடக்ககால யு.எஸ்.பி. கருவிகள் பெரும்பாலும் கணினியின் துடிப்பைப் பின்தொடர்ந்தே தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டன. பல வேலைகளுக்கிடையே இயங்கும் கணினி அதற்கேற்ற மேய்ப்பன் அல்ல. வேவ்லெங்த் ஆடியோவின் கோர்டன் ரேங்கின் போன்றோர் இந்த உறவைத் திருப்பிப்போட்டார்கள்: கடிகாரம் டி.ஏ.சி.க்குள் இருக்கும், தரவை எந்த வேகத்தில் அனுப்ப வேண்டும் என்று அதுவே கணினிக்குச் சொல்லும். அதன்பின் கணினியின் நேரத் தடுமாற்றம் பெரிய பொருட்டாக இல்லை. யு.எஸ்.பி. வழியே ஒலியை அனுப்புவதற்கான இரண்டாம் தரநிலையை லினக்ஸும் மேக்கும் முன்பே ஏற்றன. விண்டோஸ் 2017இல்தான் ஏற்றது. வீட்டுச் சர்வர்களில் லினக்ஸ் வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

2012இல் 35 டாலருக்கு ராஸ்பெரி பை வந்ததும் செலவு சரிந்தது. விசிறி இல்லை, கையடக்கமான பலகை. ஆனால் அதன் முதல் மாடலில் யு.எஸ்.பி.யும் வலையிணைப்பும் ஒரே பாதையைப் பகிர்ந்ததால் ஒலியில் வெடிப்புச் சத்தம் எழுவதுண்டு. எனவே பலகையின் முனைகளில் நேரடியாகச் செருகும் டி.ஏ.சி. அட்டைகள் புறப்பட்டன, வோலுமியோ போன்ற இலவச மென்பொருள்களும் வந்தன. பெரிய இசைத் தொகுப்பு வைத்திருந்தவர்கள் இன்டெலின் நக் சிறு கணினியில் ரூன் மென்பொருளை ஏற்றினார்கள்.

ஸ்லிம் டிவைசஸை 2006இல் வாங்கிய லாஜிடெக், 2012இல் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசையைக் கைவிட்டது. 2024இல் அதற்கான இணையச் சேவையையும் மூடியது. சர்வர் மென்பொருளை ஆர்வலர்கள் லிரியன் என்ற புதுப் பெயரில் தொடர்ந்து வளர்க்கிறார்கள். வீட்டுச் சர்வரோடு இணைந்த பழைய பெட்டிகள் அதில் இன்னும் பாடுகின்றன.