'காலனி', சாதித் தெருப் பெயர்கள் மாறுமா? ஓசூர், கிருஷ்ணகிரி மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி, 'ஏ.எஸ்.டி.சி. ஹட்கோ போகணும்' என்று சொன்னால் போதும், டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார். அந்த நான்கு எழுத்துக்கு விரிவு என்ன என்று கேட்டால் இன்றைய பசங்களில் பலருக்குத் தெரியாது. அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம். தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய அரசு பஸ் நிறுவனம் அது, எம்.ஜி.ஆரின் தாயார் பெயர். 1997ல் அரசு அந்தப் பெயரை எடுத்துவிட்டது. பஸ்ஸில் இருந்து போச்சு, ஓசூர் மக்கள் வாயில் இருந்து போகவில்லை.

இப்போது தமிழ்நாடு முழுக்கத் தெரு, குளம், குடியிருப்புகளில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்கும் பேச்சு நடக்கிறது. பெயரை மாத்தணுமா, யார் மாத்தணும், மாத்தினா என்ன ஆகும்? பார்க்கலாம்.

அரசு என்ன சொன்னது?

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் ஒரு அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலும் பொதுப் புழக்கத்திலும் இருந்து அது நீக்கப்படும் என்பது அதன் சாரம். ஜூலையில் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் எல்லாம் 'சமூகநீதி விடுதி' ஆயின. அக்டோபரில் அரசாணை வந்தது. ஆதிதிராவிடர் காலனி, ஹரிஜன காலனி போன்ற பெயர்களையும், சாதியைச் சுட்டும் தெரு, சாலை, நீர்நிலைப் பெயர்களையும் கண்டறிந்து, மக்கள் கருத்தைக் கேட்டு மாற்ற வேண்டும் என்றது அது. மாற்றுப் பெயராகப் பூக்கள், புலவர்கள், தலைவர்கள் பெயர்கள் பரிந்துரைக்கப்பட்டன.

அதே அக்டோபரில் வழக்கும் வந்தது. சாதிப் பெயருள்ள இடங்களைக் கணக்கெடுக்கலாம், இறுதி முடிவு எடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்கால உத்தரவு போட்டது.

காலனி கெட்ட வார்த்தையா?

ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் குழப்பமானது. 1970களில் சிப்காட் வந்து, பின்னாடியே பெரிய பெரிய கம்பெனிகள் வந்தபோது, வெளியூரில் இருந்து வந்தவர்கள் குடியேறிய இடங்களும் காலனிகள்தான். ஹவுசிங் போர்டு காலனி, ஊழியர் காலனி என்று சொல்வதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. அங்கே காலனி என்றால் அகலமான தெரு, மாதச் சம்பளம்.

அங்கிருந்து ஒரு டவுன் பஸ் பிடித்து கிராமத்துப் பக்கம் போனால் கதை வேறு. 'ஊரா, காலனியா?' என்று கேட்பார்கள். கேட்பவர் வழி சொல்வதற்காகக் கேட்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரே சொல். ஒருவருக்கு அது வெறும் முகவரி, இன்னொருவருக்கு சாதிச் சான்றிதழ்.

வேலைக்கு விண்ணப்பம் போடும்போது, சிப்காட் பக்கம் வாடகைக்கு ரூம் தேடும்போது, ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது இந்த முகவரி கூடவே வருகிறது. 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று ஹவுஸ் ஓனர் கேட்டதற்கு அப்புறம் 'ரூம் ஆள் வந்துடுச்சு' என்ற பதில் எத்தனை பேருக்குப் பழக்கமோ! சாதி என்ன என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவே வேண்டியதில்லை. அட்டையில் அரசே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. இதில் இருக்கும் உண்மையான பிரச்சினை இதுதான்.

'ஹரிஜன' என்ற சொல்லின் கதையும் இப்படித்தான். காந்தி மரியாதையாக நினைத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. யாரைக் குறித்ததோ அவர்களில் பலர் அதை ஏற்கவில்லை, அம்பேத்கரும் ஏற்கவில்லை. சாதிச் சான்றிதழ்களில் இந்தச் சொல் வேண்டாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது 1982ல். பல ஊர்களின் பெயர்ப் பலகைகளுக்கு மட்டும் அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை போல.

இது முதல் முறையா?

இல்லை. எம்.ஜி.ஆர் ஆட்சியில், 1978லேயே, தெருப் பெயர்களில் சாதி ஒட்டை நீக்க உத்தரவு வந்தது. சென்னை தி.நகரின் ஜி.என்.செட்டி சாலை பலகையில் ஜி.என். சாலை ஆனது அப்படித்தான். இன்றைக்கும் அங்கே வழி கேட்டால் பழைய பெயர்தான் பதிலாக வரும்.

அப்போது எழுந்த சிக்கல் இன்னும் தீரவில்லை. ஒருவரைக் கௌரவிக்க வைத்த பெயரின் வால் வேறு, ஒரு தெருவில் இருப்பவர்களை ஒதுக்க வைத்த பெயர் வேறு. கோவை அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று ஜி.டி.நாயுடு பெயரில் திறக்கப்பட்டபோது, சாதிப் பெயரை நீக்கச் சொல்லும் அரசே இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி உடனே கிளம்பியது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேம்பாலத்தின் பெயரால் யாருக்கும் வாடகை வீடு மறுக்கப்படப் போவதில்லை.

1997 சம்பவம் இதைவிடத் தீவிரமானது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிதாகத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மன் படையில் இருந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவரின் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு தரப்பு எதிர்த்தது. தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. கடைசியில் கருணாநிதி அரசு எல்லா மாவட்டங்களில் இருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தது. எங்கேயோ நடந்த சண்டையில் நம்ம அன்னை சத்யா பஸ்ஸும் பெயரை இழந்தது அப்போதுதான்.

பாறைக்கும் இதே தகராறு

எல்லை தாண்டினால் ராமநகரா. 'ஷோலே' படம் எடுத்த பாறைகள். வார இறுதியில் பெங்களூருவில் இருந்து மலையேற்றக்காரர்கள் கயிறும் கொக்கியுமாக அங்கே வருவார்கள். பாறையில் ஏறும் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கர்நாடகாவின் பாதாமியில் இருக்கும் மிகக் கடினமான ஒரு தடத்தின் பெயர் 'கணேஷா'. முதலில் ஏறி முடித்தவர் பெயர் வைக்கலாம் என்பது உலகம் முழுக்க இந்த விளையாட்டின் வழக்கம்.

அந்த உரிமையைச் சிலர் கேவலமான நகைச்சுவைக்குப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டென் ஸ்லீப் பள்ளத்தாக்கின் ஒரு பாறைப் பகுதிக்கு 'அடிமைமுறைச் சுவர்' என்று பெயர். அதில் இருந்த தடங்கள் சிலவற்றின் பெயர்களும் அதே ரகம். 2020ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு எதிர்ப்பு வலுத்து அந்தப் பெயர் மாற்றப்பட்டது. 'பெயர் என்பது வரலாறு, முதலில் ஏறியவரின் உரிமை' என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். பூர்வகுடிப் பெண்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை, சுமார் 650 மலை, ஆறு, பள்ளத்தாக்குப் பெயர்களில் இருந்து அமெரிக்க அரசு 2022ல் நீக்கியது.

பாறையின் பெயர் பிடிக்காதவர் வேறு பாறைக்குப் போகலாம், அது வேறு விஷயம். தெருவில் அது முடியாது. தெருவுக்குப் பெயர் வைத்தவர் பெரும்பாலும் அங்கே குடியிருந்தவரும் இல்லை.

இன்னொன்று. ராமநகரா ஊருக்கு பிரிட்டிஷ் காலத்தில் பேரி குளோஸ் என்ற அதிகாரியின் பெயரால் 'குளோஸ்பெட்' என்று பெயர். அந்த மாவட்டத்தின் பெயரை 'பெங்களூரு தெற்கு' என்று மாற்ற கர்நாடக அமைச்சரவை 2025 மே மாதம் முடிவெடுத்தது. முதலீடு வரும், நிலத்துக்கு மதிப்பு கூடும் என்பது சொல்லப்பட்ட காரணம். ரியல் எஸ்டேட்டுக்காக மாவட்டப் பெயரே மாறுகிறது. தெருப் பெயரைத் தொட்டால் மட்டும் வரலாறு அழிந்துவிடும் என்கிறார்கள்!

எல்லாத்தையும் மாத்திடலாமா?

அதுவும் சிக்கல்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்கும் பகுதி இது. ஓசூர் என்பதே கன்னடத்தில் புது ஊர். கிருஷ்ணகிரி பக்கத்தில் குருபரப்பள்ளி என்ற பெயரைக் கேட்டால் ஆடு மேய்க்கும் குருபர் சமூகம் நினைவுக்கு வரும். அதில் இழிவு ஏதும் இல்லை. அந்தச் சமூகமே பெருமையாக நினைக்கும் பெயரைப் பட்டியலில் சேர்த்து 'ரோஜா நகர்' ஆக்கினால் அது யாருக்கு நல்லது?

பலகை மாறினால் மட்டும் ஆவணம் மாறாது. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பட்டா எல்லாவற்றிலும் பழைய முகவரிதான் இருக்கும். ஷிப்ட் வேலைக்குப் போகும் ஆளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் லீவு. உள்ளாட்சி அமைப்பே மொத்தமாக மாற்றித் தராவிட்டால், அவமானத்தைச் சுமந்தவரே அலைச்சலையும் சுமக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கிராமம் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர் எழுந்து பேசலாம், தீர்மானம் கேட்கலாம். ஓசூர் மாநகராட்சிப் பகுதி என்றால் வார்டு கவுன்சிலரிடமும் ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். உங்கள் தெருவுக்கு எந்தப் பெயர் வேண்டும் என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆபீஸில் உட்கார்ந்து யாரோ ஒருவர் மல்லிகைத் தெரு என்று எழுதிவிடுவார்.

கன்னடத்திலும் அது மல்லிகேதான், புரியும். ஆனால் முடிவு உங்களுடையதாக இருக்காது.