புதுமைக் கதைகளும் நம் முன்னோரும்

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளால் பெயர்பெற்ற ஊர். இவ்வூரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் எம்மிடம் பெற்றோர் அடிக்கடி ஒரு வினா எழுப்புகின்றனர். “ஹஜ்ரத், மந்திர உலகம், இயந்திர மனிதன், விண்வெளிப் பயணம் என்று ஏதேதோ நூல்களைப் பிள்ளைகள் வாங்கி வருகின்றனர். இல்லாததைச் சொல்லும் கதைகளால் பயன் உண்டா?” என்பதே அது. பொய்யை வெறுக்கும்படி வளர்ந்த சமுதாயம் இவ்வாறு வினவுவது நியாயமே. விடையை நம் வரலாற்றிலேயே தேடுவோம்.

மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் ‘மகாமாத்’ முழுவதும் கற்பனைக் கதையே. அதனை இயற்றிய பஸராவின் ஹரீரி (இறப்பு 1122) தம் முன்னுரையிலேயே இவ்வினாவை எதிர்கொண்டார். விலங்குகள் பேசும் கதைகளை எவரும் பொய்யென்று தள்ளியதில்லை. செயலின் மதிப்பு எண்ணத்தைப் பொறுத்தது என்பது அவர் வாதம். பொய் தன்னை மெய்யென்று காட்டி ஏமாற்றும். கதையோ தன்னைக் கதையென்றே அறிவித்துக்கொண்டு வரும்.

அதே நூற்றாண்டில் அந்தலூஸ் நாட்டு மருத்துவர் இப்னு துஃபைல் ‘ஹய்யு இப்னு யக்ழான்’ எழுதினார். மனிதரில்லாத தீவில் ஒரு மான் வளர்த்த குழந்தையின் கதை அது. தாய்மான் இறந்ததும் சிறுவன் அதன் மார்பைப் பிளந்து உயிர் எங்கே போயிற்று என்று ஆராய்கிறான். பின்னர் விண்மீன்களை நோக்கி, முடிவில் படைத்தவன் ஒருவனே என்று உணர்கிறான். இந்நூல் 1671இல் இலத்தீனிலும் 1708இல் அரபு மூலத்திலிருந்து ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 1719இல் தோன்றிய ‘ராபின்சன் குரூசோ’வில் இதன் சாயல் உண்டென்று கருதும் அறிஞரும் உளர்.

‘ஆயிரத்தோர் இரவுகள்’ தொகுப்பிலுள்ள ‘மதீனத்துன் நுஹாஸ்’ என்னும் தாமிரப் பட்டணத்தின் கதையும் எண்ணத்தக்கது. நபி சுலைமான் (அலை) அவர்கள் ஜின்களை அடைத்த செப்புக் குடங்களைத் தேடி, கலீபா அப்துல் மலிக்கின் ஆணைப்படி மூஸா இப்னு நுஸைர் புறப்படுகிறார். கையைத் தேய்த்தால் சுழன்று வழிகாட்டும் பித்தளைக் குதிரைவீரன் எதிர்ப்படுகிறான். மதிலுக்குள்ளோ எங்கும் செல்வம், எங்கும் பிணம். ஏழாண்டு மழை பொய்த்ததால், ஒரு மரக்கால் முத்துக்கு ஒரு மரக்கால் தானியம் கேட்டும் கிடைக்காமல் அந்நகரம் மாண்டதாம். நெல்லைக் காத்துவாழும் எம் ஊராருக்கு இக்கதையின் படிப்பினையை விளக்கவும் வேண்டுமோ?

இப்பெயரைத் தாங்கிய நூல் ஒன்று நம் மொழியிலும் உண்டு. கீழக்கரை இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள் அரபுத்தமிழில் அதனை ஆக்கியளித்தார்கள். அது 1858ஆம் ஆண்டினது என்பர் ஆய்வாளர். திருச்சிராப்பள்ளிக்கு அணித்தான குளத்தூரிற் பிறந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது 1879இல்; இலங்கை சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல். தமிழ் உரைநடைக் கதையின் வரலாற்றை எழுதுவோர் கீழக்கரையை மறத்தல் தகாது.

ரொக்கையா பேகத்தின் ‘சுல்தானாவின் கனவு’ இன்னும் வியப்புக்குரியது. வங்கத்து முஸ்லிம் பெண்மணி ஆங்கிலத்தில் எழுதிய இக்கதை, 1905இல் நம் சென்னையில் வெளிவந்த மாதர் இதழிலேதான் முதலில் அச்சாயிற்று. அதில் வரும் பெண்ணாட்டில் மகளிர் ஞாயிற்றின் வெப்பத்தைச் சேர்த்துவைத்துச் சமைக்கின்றனர், வானூர்தியிற் செல்கின்றனர், மின்விசையால் உழுகின்றனர். எழுதியவரோ தமையனிடம் மறைவாக ஆங்கிலம் கற்றவர்! அவர் கனவோடு நின்றாரில்லை. 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளி நிறுவி, 1932இல் இறக்கும்வரை அதற்காகவே உழைத்தார்.

கொள்ளிடத்தைக் கடந்தால் திருவரங்கம். அங்கே வளர்ந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் சுஜாதா (1935–2008). 1980களில் அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில், ஜீனோ என்னும் இயந்திர நாய் நூல்களைப் படித்துச் சிந்திக்கத் தொடங்குகிறது. மக்கள் அஞ்சிப் பணியும் தலைவனோ வெறும் ஒளியுருவம்! 2020களில் நடப்பதாக அவர் எழுதினார். அவ்வாண்டுகள் வந்தேவிட்டன. கைப்பேசியில் காணும் உருவம் மெய்யா, பொறி புனைந்ததா என்று பிள்ளைகள் ஐயுறும் இக்காலத்தில், ஜீனோவின் கதை அவர்களுக்கு நல்ல எச்சரிக்கை.

ஆகவே பெற்றோருக்கு எம் விடை இதுதான். நூல் புதியதா பழையதா, அதிலே பூதமா பொறியா என்று பாராதீர்கள். படித்து முடித்த பிள்ளை என்ன கேட்கிறது என்று பாருங்கள். “இது எப்படி இயங்கும்? இது நீதியா?” என்று கேட்குமாயின் அந்நூல் நன்று. அச்சத்தையும் பேராசையையும் மட்டுமே கிளறுமாயின் அதனை விலக்குங்கள்.

மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நம் இல்லங்களில் பாட்டிமார் பெட்டிகளிலே அரபுத்தமிழ் நூல்கள் செல்லரித்துக் கிடக்கின்றன. அவ்வெழுத்தைத் தடையின்றி வாசிப்போர் அருகி வருகின்றனர். அத்தகைய நூல் உங்கள் வீட்டில் இருப்பின் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த மூத்தவரை அமர்த்தி உரக்கப் படிக்கச் செய்து, பேரப்பிள்ளையைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு ஒரு பக்கம் போதும்.