நோய்ப்போக்கு ஆய்வில் மருத்துவப் படங்கள்

ஒரு நோய் குறைகிறதா, முற்றுகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை, குறிப்பிட்ட இடைவெளிகளில் எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை ஒப்பிட்டு அறியும் ஆய்வுமுறை. புதிய மருந்துகளின் பயனை அளக்க இது பெரிதும் உதவுகிறது. கருவிகளின் வளர்ச்சியோடு, படம் பார்ப்பவரின் கண்ணை நெறிப்படுத்தும் முயற்சியும் இதன் வரலாற்றில் சரிபாதி.

தொடக்கம்

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். காசநோயாளிகளின் மார்பைப் படமெடுக்கும் வழக்கம் விரைவில் வந்தது. ஆனால் 1940களில் அமெரிக்காவில் ஜேக்கப் யெருஷால்மி முதலியோர் செய்த ஆய்வுகள் ஒரு சிக்கலைக் காட்டின. ஒரே படத்தை வல்லுநர்கள் வெவ்வேறாகப் படித்தனர். அதே வல்லுநர் மறுமுறை பார்க்கும்போது தம் முடிவையே மாற்றிக்கொண்டதும் உண்டு.

ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு

வல்லுநர்களின் இந்த முரண்பாட்டுக்குத் தெளிவான விடை தந்தது பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் நடத்தி 1948இல் வெளியிட்ட ஆய்வு. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் அதை வடிவமைத்தார். இரு நுரையீரல்களிலும் காசநோய் வேகமாகப் பரவிவந்த 107 பேரில் 55 பேர் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றனர். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டுமே. யாருடைய படம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று தெரியாமலே மூன்று மருத்துவர்கள் தனித்தனியே படங்களை மதிப்பிட்டனர். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 28 பேரின் படங்களில் கணிசமான முன்னேற்றம் தெரிந்தது. மற்ற பிரிவில் அது 4 பேருக்கே. இறந்தவர்கள் முறையே 4, 14 பேர். கிருமிகள் மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றதால், தொடக்க மாதங்களில் தெளிந்த நுரையீரல் பின்னர் பலருக்கு மீண்டும் கெட்டதையும் படங்கள் காட்டின.

சென்னையின் பங்கு

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவோரையும் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் சேர்ந்தோரையும் ஒப்பிட்ட அதன் ஆய்வு 1959இல் வெளிவந்தது. எக்ஸ்ரேயுடன் சளிப் பரிசோதனையும் அதில் முக்கிய அளவுகோல். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். காசநோயாளியை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது.

புற்றுநோயும் மூளையும்

1976இல் நடந்த ஓர் ஆய்வில், கட்டிகளுக்குப் பதிலாக நுரைமெத்தைக்கு அடியில் வைத்த 12 உருண்டைகளைத் தடவி அளக்குமாறு 16 புற்றுநோய் மருத்துவர்களிடம் சொன்னார்கள். அளவுகள் வெகுவாக வேறுபட்டன. சிறிய மாற்றத்தை நம்ப முடியாது என்பது உறுதியானது. 1971இல் நோயாளிகளிடம் முதன்முதலாகப் பயன்பட்ட சி.டி. ஸ்கேன், கட்டிகளைத் துல்லியமாக அளக்க வழிசெய்தது. கட்டிகளின் மாற்றத்தை மதிப்பிட 2000இல் வெளியான ரெசிஸ்ட் விதிகளின்படி, கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிவரும் தொகை 30 விழுக்காடு குறைந்தால் பகுதிப் பயன். 20 விழுக்காடு கூடினால் நோய் முற்றுகிறது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் நரம்பு நோயில், இன்டர்ஃபெரான் மருந்து மூளைப் புண்களைக் கட்டுப்படுத்துவதை 1993இல் எம்.ஆர்.ஐ. காட்டியது.

வரம்புகள்

மூளைப் புண்ணின் அளவும் நோயாளியின் முடக்கமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கட்டி சுருங்கினாலும் ஆயுள் நீளாமல் போகலாம். எனவே படம் தரும் சான்றை, நோயாளி எத்தனை காலம், எவ்வளவு நலமாக வாழ்கிறார் என்பதோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.