உதகை நரி வேட்டையும் குதிரைப் பழக்கமும்
உதகை என்றால் நமக்குப் பூங்காவும் ஏரியும்தான் ஞாபகம் வரும். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் அங்கே சீமை நாய்களைக் கொண்டுவந்து, செந்நரி இல்லாததால் நம்மூர் நரியைத் துரத்தினார்கள். பிற்பாடு வென்லாக் டவுன்ஸ் என்று பெயர் பெற்ற புல்வெளியே களம்.

முதல் வேட்டைக்குத் தயாராவது லேசுப்பட்ட காரியமல்ல. புதுக் குதிரையை முதலில் நாய்க்கூட்டத்தோடு பழக்கணும். மிரண்டு உதைத்தால் நாயின் உயிரே போய்விடும். புதுக் குதிரையின் வாலில் பச்சை நாடா, உதைக்கிற குதிரைக்குச் சிவப்பு நாடா என்பது சீமை வழக்கம். மேடு பள்ளம், சேற்றுநிலம் எல்லாம் ஓடிப் பழக வேண்டும். புதுச் சவாரிக்காரர் நாய்களை முந்தாமல் பின்னால் வரணும்.

இந்தப் பழக்கம் எதற்கும் ஓர் உயிரின் சாவு தேவையில்லை. வாசனைத் துணியை இழுத்துப் போய் நாய்களை அதன் பின்னே ஓடவிடும் முறையும் இங்கிலாந்திலேயே உண்டு. நாய் விட்டு நரி வேட்டையாடுவதை அந்நாடே 2004இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அகிம்சையை நம்புகிற நாம் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.