பெயரில் மட்டும் லேசர்

போன ஞாயிறு பேரனும் அவன் கூட்டாளிகளும் லேசர் டேக் துப்பாக்கி செய்யப் போகிறோம் என்று லேசர் பாயின்டரோடு வந்து நின்றார்கள். முதல் வேலையாக அதை வாங்கிப் பீரோவில் வைத்தேன். விழித்திரைக்கு ஆபத்து.

இந்த விளையாட்டுக்குப் பெயரில்தான் லேசர். அமெரிக்க ராணுவத்தின் 'மைல்ஸ்' போர்ப்பயிற்சிக் கருவியில் நிஜ லேசர் உண்டு, கண்ணைக் கெடுக்காத அளவில். ஆனால் 1984-இல் டல்லாஸில் ஜார்ஜ் கார்ட்டர் திறந்த 'போட்டான்' விளையாட்டுக் கூடத்திலும், 1986-இல் கடைக்கு வந்த 'லேசர் டேக்' பொம்மையிலும் இருந்தது அகச்சிவப்பு ஒளி. 1800-இல் ஹெர்ஷல் வெப்பமானி வைத்துக் கண்டுபிடித்தாரே, அதேதான். எத்தனை வருடம் நடத்திய பாடம்!

டிவி ரிமோட்டில் இருப்பதும் அதுவே. ஒளியை நொடிக்கு 38,000 முறை மினுக்கி அனுப்பினால், வெயில் வெளிச்சத்தைத் தள்ளிவிட்டு அந்தத் துடிப்பை மட்டும் பிடிக்கும் மூன்றுகால் ரிசீவர் ஒன்று உண்டு. ரிமோட்டுக்காகச் செய்த அந்தச் சாமான் மலிந்ததால்தான் வீட்டுத் துப்பாக்கி சாத்தியமானது. யார் சுட்டது என்று கணக்கு வைக்க, 2005-இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ பலகை போதும்.

கொருக்குப்பேட்டையில் ரயிலேறி, மூர் மார்க்கெட்டில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். எல்லாம் கிடைத்தது. அந்த எல்.இ.டி. எரிவது கண்ணுக்குத் தெரியாது. செல்போன் கேமராவில் ஊதாப் புள்ளியாகத் தெரிந்ததும் பசங்கள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

பாயின்டர் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.