மேற்பரப்பை நாடும் மின்னோட்டம்

கட்டுகஸ்தோட்டையைக் கடந்து செல்லும் மகாவலி கங்கை 1976ஆம் ஆண்டு பொல்கொல்லையில் மறிக்கப்பட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே திருப்பப்படும் நீர் உக்குவளை மின்னிலையத்தின் சுழலிகளை இயக்குகிறது. நீருக்கு வழியமைத்த வரலாறு பலரும் அறிந்ததே. அந்நீரால் விளையும் மின்னோட்டம் கம்பியினுள் எவ்வழி செல்கிறது என்பதை மனிதர் கண்டறிந்த வரலாறோ அத்துணை அறியப்படாதது, பூசல் மலிந்ததுங்கூட.

நேரோட்டம் கம்பியின் குறுக்குவெட்டு முழுவதிலும் சமமாகப் பரவிச் செல்லும். ஆடலோட்டம் அவ்வாறன்று. கணந்தோறும் மாறும் ஓட்டம் மாறும் காந்தப்புலத்தைத் தோற்றுவிக்க, அப்புலம் கம்பியினுள்ளேயே எதிர்ப்பைத் தூண்டுகிறது. நடுப்பகுதியே இத்தூண்டலுக்கு மிகுதியும் ஆட்படுவதால் ஓட்டம் மேற்பரப்பை நோக்கி ஒதுங்குகிறது. இதுவே தோல் விளைவு எனப்படுவது. பயன்படும் உலோகம் சுருங்கச் சுருங்கத் தடை கூடும். செம்பில் ஓட்டம் ஊடுருவும் ஆழம் 50 ஹேர்ட்சு மீடிறனுக்கு ஏறத்தாழ 9.3 மில்லிமீற்றர், வானொலிக்குரிய 10 இலட்சம் ஹேர்ட்சுக்கு 0.066 மில்லிமீற்றர் மாத்திரமே.

1883இல் கோளவடிவக் கடத்திகளுக்கு இவ்விளைவைக் கணித்தவர் ஹொரேஸ் லாம்ப். 1885இல் அதனைப் பொதுமைப்படுத்தியவர் ஒலிவர் ஹெவிசைட். இவர் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாதவர். இளமையில் தந்தித் தொழில் பார்த்து, 1874இல் அதனையும் துறந்தவர். மின்சத்தி கம்பியினூடாகத் தள்ளப்படுவதன்று, சூழவுள்ள வெளியிலிருந்து கம்பியினுள் நுழைவது என்பது அவர் கொள்கை. அதனால் ஓட்டம் மேற்பரப்பிலே தொடங்குவது அவருக்கு வியப்பளிக்கவில்லை. 1886இல் டேவிட் ஹியூஸ் மாறும் ஓட்டத்துக்குக் கம்பி காட்டும் தடையைப் பரிசோதனையால் அளந்து அறிவித்தார். ஹியூஸ் ஒரு காலத்தில் இசைப் பேராசிரியராக இருந்தவர் என்பது கலைப்பீடத்தாருக்கு உவப்பூட்டக்கூடிய செய்தி. புகழ் அவரைச் சார்ந்தது. முன்னரே எழுதிய ஹெவிசைட் தமது முதன்மையை வாதாடியே நிலைநாட்ட வேண்டியதாயிற்று.

இதனினும் கொடியது 1887இல் நிகழ்ந்தது. தொலைபேசிக் கம்பிகளில் தன்தூண்டலைக் கூட்டுவது ஒலிச்சிதைவைக் குறைக்கும் என ஹெவிசைட் நிறுவினார். தன்தூண்டலைப் பகையெனக் கருதிய பிரித்தானிய அஞ்சற்றிணைக்களத்து மின்னியலாளர் வில்லியம் பிரீஸ், அக்கருத்தமைந்த கட்டுரை வெளிவராது தடுத்தார். பதவி கணிதத்தை வென்ற காலம் அது. எனினும் 1891இல் றோயல் சங்கம் ஹெவிசைட்டை உறுப்பினராக ஏற்றது.

உயரழுத்த மின்தொடர்களில் உருக்குப் புரிகளைச் சூழ அலுமினியப் புரிகள் முறுக்கப்பட்டிருப்பதற்குத் தோல் விளைவே காரணம் எனப் பலர் கூறுவர். அது முழு உண்மையன்று. இலங்கையின் 132 கிலோவோல்ட்டுத் தொடர்களிற் பயன்படும் ‘லிங்ஸ்’ என்னும் வடத்தில் 30 அலுமினியப் புரிகளும் 7 உருக்குப் புரிகளும் உள்ளன. அதன் ஆரை 10 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அலுமினியத்தில் 50 ஹேர்ட்சு ஓட்டம் ஊடுருவும் ஆழமோ ஏறத்தாழ 12 மில்லிமீற்றர். ஆதலின் இங்கு தோல் விளைவாற் கூடும் தடை சிறிதே. மலைக்கு மலை தாவும் வடத்தின் பாரத்தைத் தாங்குவதற்கே உருக்கு இடப்பட்டது. அது நடுவில் அமைந்தமையால் மின்னோட்டத்துக்கு நட்டம் பெரிதில்லை.