உருக்கு வட்டும் உருக்குச் சலாகையும்

கத்தி அடிக்கப் புகும் கொல்லன் உலை மூட்டுமுன் ஒன்றைத் தீர்மானித்தல் வேண்டும். தான் கையிலெடுக்கும் உருக்கு எவ்வடிவினதாய் இருத்தல் வேண்டும் என்பதே அது. பட்டைச் சலாகையெனின் அலகின் அகலமும் தடிப்பும் ஓரளவு அதன்கண்ணே அமைந்து கிடக்கும். நுனியை நீட்டி, வாயை மெலித்து, பிடிக்குள் நுழையும் வாலை ஒடுக்கினால் வேலை பெரும்பாலும் முடிந்ததாம். உருண்டைக் கம்பியெனின் முதலில் அதனைத் தட்டையாக்கல் வேண்டும். கட்டியெனின் உழைப்புப் பன்மடங்காகும். உழைப்பு மட்டுமன்று. உலையில் வைத்தெடுக்குந்தோறும் உருக்கின் மேற்பரப்புச் செதிளாய் உதிர்கின்றது. வாய்க்கு வன்மை தரும் காபனும் மேற்றோலிலிருந்து எரிந்தொழிகின்றது. ஆதலின், வடிவம் அலகுக்கு அண்மியதாக இருக்குமளவுக்கு உருக்கின் குணமும் கெடாது நிற்கும்.

பள்ளமிட்ட உருளைகளிடையே இரும்பைச் செலுத்திச் சலாகையாக்கும் முறைக்கு ஹென்றி கோட் என்பார் 1783இல் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். அம்முறை பரவியபின் கொல்லன் வேண்டும் வடிவத்தை விலைக்கு வாங்கலாயினான். அதற்கு முற்பட்ட காலத்தில், தென்னாசியாவைப் பொறுத்தமட்டில், உருக்கின் வடிவத்தை வகுத்தது அதனை ஈன்ற மூசையே.

1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்கொட் என்னும் மருத்துவர் இலண்டன் றோயல் சங்கத் தலைவராகிய சேர் ஜோசப் பாங்ஸ் அவர்களுக்கு ஒருவகை உருக்கை அனுப்பினார். ‘வூட்ஸ்’ என்று ஆங்கிலேயர் வழங்கிய பொருள் இதுவே. உருக்கைக் குறிக்கும் ‘உக்கு’ என்னும் கன்னட, தெலுங்குச் சொல்லின் திரிபு அப்பெயர் என்பர். ஜோர்ஜ் பியர்சன் அதனை ஆராய்ந்து 1795இல் கட்டுரை வெளியிட்டார். வந்தவை வட்டுகள், ஏறத்தாழ ஐந்து அங்குல விட்டமும் ஓரங்குலத் தடிப்பும் உடையவை, ஒவ்வொன்றும் இரண்டு இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட நிறையின. அவை நடுவே பிளவுபடுமளவுக்கு வெட்டப்பட்டிருந்தன. உள்ளீடு திண்ணியதோ பொள்ளலோ என்று வாங்குவோன் கண்ணாற் காணும்பொருட்டே விற்போர் அவ்வாறு வெட்டினர் போலும்.

இவ்வட்டு ஆங்கிலக் கத்திக் கொல்லருக்குப் புதியது. செபீல்டு நகரத்தார் கையாண்ட உருக்குச் சலாகையாகப் பிறந்தது. சுவீடன் நாட்டு இரும்புச் சலாகைகளைக் கரித்தூளுடன் கற்பெட்டியில் அடுக்கிப் பல நாள் காய்ச்சுவர். இரும்பு உருக்காக மாறினும் சலாகை சலாகையாகவே நிற்கும். 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்கை உருக்கத் தொடங்கியபோதும், உருகியதை அச்சில் வார்த்து, பின்னர்ச் சம்மட்டியாற் சலாகையாக நீட்டியே கொல்லனிடம் சேர்ப்பித்தனர். இந்திய மூசையிலோ வார்ப்பில்லை. மூசைக்குள்ளேயே உருக்கு உறைந்தது. மூசையின் அடி எவ்வாறோ வட்டும் அவ்வாறே.

பாங்ஸின் வேண்டுகோளின்படி ஸ்டொடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர் இவ்வுருக்கின் துண்டொன்றிற் சிறு பேனாக்கத்தி அடித்தார். அவர் அதனைக் காய்ச்சிய அளவு கவனிக்கத்தக்கது. இருளில் மாத்திரமே கண்ணுக்குப் புலனாகும் மங்கிய செம்மைக்கு மேல் அவர் ஏற்றவில்லை. அடிப்பது மிகக் கடினமாயிருந்தும், கத்தி மிகச் சிறந்த ஆங்கிலக் கத்திக்கு நிகராய் வெட்டியது. ஏனைய பலரோ தம் இரும்பைக் காய்ச்சும் வெண்சூட்டில் இதனையும் காய்ச்சினர். அது சம்மட்டியின்கீழ் நொறுங்கியது. குற்றம் உருக்கினதன்று. நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு காபன் கொண்ட உருக்கு, மெல்லிரும்பு தாங்கும் வெப்பத்தைத் தாங்காது. அதனுட் கலந்த பொசுபரசு அத்தாங்குதிறனை மேலும் குறைக்கும்.

வட்டை அலகாக்கும் கலை வட்டு விளைந்த நாட்டிலும் அதனை வாங்கிய நாட்டிலும் தனியே வளர்ந்திருந்தது. நிசாம் இராச்சியத்துக் கோணசமுத்திரத்தைக் கண்ட வாய்சியின் குறிப்பு 1832இல் வெளிவந்தது. பாரசீக வணிகர் அவ்வூருக்கே வந்து தங்கி உருக்கு வாங்கிச் சென்றனர் என்றும், கட்டிகளுக்குக் களிமண் பூசி மீளமீளக் காய்ச்சி ஆறவிட்டு அவற்றின் வன்மையைத் தணித்தனர் என்றும் அதனால் அறிகின்றோம். அதன்பின் வட்டைத் தாழ்ந்த சூட்டிற் பலமுறை வைத்தெடுத்துச் சிறிது சிறிதாக நீட்டல் வேண்டும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் வேர்கோவனும் கொல்லர் பென்றேயும் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்நெடிய உழைப்பின் பயனை விளக்கியது. வனேடியம் போன்ற மூலகங்கள் மிக நுண்ணிய அளவில் இருந்தவிடத்து, இவ்வாறு பலகால் காய்ச்சி அடிக்கப்பட்ட அலகில் இரும்புக் காபைட்டுத் துணிக்கைகள் வரிசை வரிசையாகத் திரண்டன. டமாஸ்கசு வாள்களிற் காணப்படும் நீரலை போன்ற கோலம் அதுவேயாம். சலாகை வேண்டிய கொல்லனுக்குக் குறையாகத் தோன்றிய வட்டின் தடிப்பே பாரசீகக் கொல்லனுக்கு வாய்ப்பாயிற்று.

இனி ஈழத்தை நோக்குவோம். பலாங்கொடைப் பகுதியிலுள்ள மாவல்கஹ முதலிய இடங்களிற் கிடைத்த உருக்கு மூசைகள் நீண்டு ஒடுங்கிய குழல் வடிவினவாய், ஏறத்தாழ ஒரு சாண் நீளமுடையனவாய் உள்ளன. அவற்றில் உறைந்த உருக்கு வட்டாகாது, குறுஞ்சலாகையாயிற்று. சேலத்துக் கொல்லர் மூசையிலிட்ட ஆவிரையையே ஈழத்துக் கொல்லரும் இட்டனர். சிங்களத்தில் அது ரணவரா எனப்படும். இரும்பும் மரச்சீவலும் களிமண்ணும் ஒத்திருக்க, மூசையின் வடிவம் மாத்திரம் வேறுபட்டதைத் தற்செயலென்று தள்ளுதல் பொருந்தாது. அலகின் வடிவை மனத்திற்கொண்டே இங்குள்ளோர் மூசையை வனைந்தனர் எனக் கொள்வதே சாலும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூலியற்றிய அராபிய அறிஞர் அல்-கிந்தி, சரந்தீப்பு வாள்களைத் தனி வகையாகக் குறித்தார். அவ்வாள்களுக்கு மூலம் இச்சலாகைகளே என்று முடிவு கட்டுதல் அவசரமாகும். சிறு மூசையொன்றின் உருக்கு ஒரு கத்திக்கோ உளிவாய்க்கோ போதும், நீள்வாளுக்குப் போதாது. சமனலவெவப் பகுதியின் மேற்குச் சரிவுகளிற் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த உலைகளை ஜில் ஜூலெவ் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். கி. பி. முதலாம் ஆயிரத்தாண்டைச் சார்ந்த அவ்வுலைகள் காபன் மிக்க உருக்கை மூசையின்றியே தந்தன. ஆதலின் அல்-கிந்தி அறிந்த உருக்குக்கு மூசையொன்றே வழியென்று கொள்ளவேண்டியதில்லை.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, இம்மூசை முறையை நேரிற் செய்வித்துக் கண்டு, 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் நூலில் விரித்தெழுதினார். அப்பொழுதே அத்தொழில் வழக்கொழிந்திருந்தது. பழக்கமறிந்த முதியோர் அவர்பொருட்டு மீண்டும் மூசை வனைந்தனர். ஊர்ப் பட்டறைகளுக்கு வேண்டிய பட்டைச் சலாகைகள் அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிக் கொண்டிருந்தன.